மல்லிகை மணக்கும் அம்பாசிடர்

முட்டுக்காட்டைத் தாண்டுவதற்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டது. முதலில் வந்தவை காலையில் தின்ற இறால் வறுவலின் துண்டுகள். மென்றும் மெல்லாமலும், சிவந்த எண்ணெயோடு இருக்கையின் மடிப்புக்குள் வழிந்தன. அடுத்தது திரிந்த பால். அதன் கட்டிகள் ஓட்டுநர் பூபாலனின் பிடரியில் தெறித்து, வெதுவெதுப்பாகச் சட்டைக்குள் இறங்கின. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினான்.

அது 1998ஆம் ஆண்டு மே மாதம். மலேசியாவின் கிள்ளானிலிருந்து முதன்முறையாக இந்தியா வந்திருந்த கவியா, மூன்று வயது மகள் சஹானாவுக்கு மாமல்லபுரத்தைக் காட்ட அந்த அம்பாசிடரை வாடகைக்கு எடுத்திருந்தாள். பூபாலனோ பிறர் வாய்வைத்த டம்ளரைக்கூடத் தொடாதவன்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே," என்றாள் கவியா.

"பரவால்லம்மா. ஒரு நிமிசம்."

மூச்சை அடக்கிக்கொண்டு மணலை அள்ளிப் போட்டு வழித்தெறிந்தான். மல்லிகை வாசனைச் செண்டை இருக்கையெங்கும் தெளித்தான். சாமி படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றி, தூசி வராதபடி கண்ணாடிகளை உயர்த்தினான். ஒவ்வொரு சவாரிக்கும் முன் அவன் செய்வதுதான். அன்று அளவு மூன்று மடங்கு.

தாகத்தில் அழுத குழந்தைக்குக் கவியா ஆரஞ்சுச் சாறு ஒரு புட்டி முழுவதும் புகட்டினாள். ஐந்தாம் நிமிடத்தில் அது நுரைத்துக்கொண்டு திரும்பிவந்தது. மீண்டும் மணல், மீண்டும் செண்டு. நான்காம் முறை வெறும் பச்சை நீர் வந்தது. குழந்தையின் உதடு வறண்டு, அழுகையில் கண்ணீரும் நின்றுபோயிருந்தது.

மாமல்லபுரத்துச் சிறு கிளினிக் ஒன்றில் நர்ஸ் ஜெசிந்தா மட்டுமே இருந்தார். கார்க் கதவைத் திறந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"இன்னா அண்ணாத்த, இது காரா, சாவு வூடா? எனக்கே கொமட்டிகினு வருது. கொயந்த இன்னா பண்ணும்?"

"நாத்தம் தெரியக் கூடாதுன்னுதான்..."

"அந்த நாத்தத்தவிட உன் செண்டுதான் பேஜாரு. ஊதுபத்திய தூக்கிப் போடு. கண்ணாடிய எறக்கு."

குழந்தையின் நாக்கைப் பார்த்தவர் கவியாவிடம் திரும்பினார். "மொடா மொடான்னு ஊத்தாதம்மா. இந்த உப்பு சக்கரப் பொட்டலத்த ஒரு லிட்டர் தண்ணில முழுசா கலக்கு. பத்து நிமிசம் வயித்த சும்மா வுடு. அப்பால ஒவ்வொரு ஸ்பூனா, வுட்டு வுட்டு குடு. ஒண்ணுக்குப் போச்சா?"

"காலையில போனதுதான்."

"டாக்டர் வர ஆறு மணி ஆவும். அஞ்சுக்குள்ள ஒண்ணுக்குப் போவலன்னா நிக்காத. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய்டு."

மணி மூன்றரை. சவுக்கு நிழலில் வண்டியை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து வைத்தார்கள். செண்டு கலைந்ததும் வாந்தியின் மெய்யான நாற்றம் எழுந்தது; ஈக்களும் வந்தன. கழுத்திலும் கூந்தலிலும் காய்ந்திருந்ததைக் கழுவக் கவியா குழாயடிக்குப் போனபோது, குழந்தை பூபாலனின் மடிக்கு வந்தது. அதன் பிசுபிசுத்த கன்னம் அவன் கையில் ஒட்டியது. அவனுக்கு உடல் கூசியது.

அவன் புகட்டிய உப்புநீரில் மூன்றாவது கரண்டி அவன் உள்ளங்கையிலேயே திரும்பி வந்தது. எச்சில் நூலாக நீண்டது. தன் தொண்டையில் ஏறியதை அவன் விழுங்கினான்.

"வேணாம்," என்றது குழந்தை.

"இப்ப வேணாம். ஒரு நண்டு வளை தோண்டிச்சாம். அலை வந்து மூடிட்ச்சு. உடனே தோண்டிச்சு, மறுபடியும் மூடிட்ச்சு. அப்பால இன்னா பண்ணிச்சு தெரியுமா? அலை போற வரிக்கும் கம்முனு குந்திகினு இருந்திச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சூண்டு தோண்டிச்சு. நாமளும் அலை போவட்டும்னு இருப்போம்."

இருந்தார்கள். பிறகு ஒரு கரண்டி; அது தங்கியது. இன்னொன்று, அதுவும் தங்கியது. கவியா திரும்பி வந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. "கிளம்பிடலாமா அண்ணே?" என்றாள்.

அவன் குனிந்து, மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தான். அவன் தொடைகளுக்கிடையே ஒரு வெதுவெதுப்பு பரவிக்கொண்டிருந்தது. வெள்ளைக் காற்சட்டையில் மஞ்சளாக ஊறி, முழங்கால் வழியாகச் செருப்புக்குள் சொட்டியது. முகம் தானாகச் சுளித்தது.

"ஐயோ, அண்ணே," என்று கவியா குழந்தையைத் தூக்கக் கை நீட்டினாள்.

"இரும்மா, தூக்காத," என்றான் பூபாலன், முகச்சுளிப்பு மாறாமலே. "முழுசா போவட்டும்."