ஒருத்தரும் காணாத வெடி

அருள்நேசன் தலைமயிர் வெட்டத்தான் அன்று லா சப்பலில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவுக்குப் போனான். சலூனுக்குள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு குழுக்களுக்கு இடையே அந்தக் கோடை முழுக்கப் புகைந்துகொண்டிருந்த பகை, அந்த நேரம் பார்த்துத் தெருவுக்கு வந்தது. ஸ்கூட்டரின் பின்னால் இருந்தவன் யாரையோ குறிவைத்துச் சுட்டான். குண்டு அருள்நேசனின் முதுகில் பாய்ந்தது.

உயிர் தப்பினான். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. ரூ லூயி-பிளாங்கில் ஓர் உணவகத்தின் குசினியில் நாள் முழுக்க நின்று வேலை செய்தவன், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழகிக்கொண்டிருந்தான்.

பட்டப்பகல், சனம் நிறைந்த தெரு. பொலிஸ் விசாரித்தபோது ஒருவரும் எதையும் காணவில்லை. காணாதவர்கள் எல்லோருக்கும் வேறொன்று மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"சும்மா நிக்கிறவனைச் சுடுவாங்களோ? அவனுக்கும் ஏதோ தொடர்பு இருந்திருக்கும்."

கடைகளில் தொடங்கிய கதை பூசை முடிந்து தேவாலய வாசலுக்கு வந்து, அங்கிருந்து புறநகரான வில்லியே லே பெல்லில் அவர்களுடைய வீட்டுக்கும் வந்தது. அம்மா மரியகொறற்றி லா சப்பலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

தங்கை பிரியதர்சினி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாள். கூடப் படிக்கும் லவனிடம் ஒருநாள் சொன்னாள்:

"அண்ணாவைச் சுட்டது ஒருத்தன். இந்தக் கதையால சுடுறது முழுச் சனமும். நாங்கள் அந்த இடத்திலையே போய் இருப்பம், ஒவ்வொரு சனியும். ஒண்டையும் காணேல்லை எண்டவை எங்களையாவது காணட்டும்."

லவன் பொலிஸுக்கு முறைப்படி அறிவித்தான். செய்தி பரவியதும் அந்தத் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் யோகநாதன் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அருள்நேசனைப் பார்க்க முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவரே அவர்தான்.

"பிள்ளை, சனிக்கிழமை எங்களுக்கு யாவாரம். அதை விடு. சுட்டவங்கள் இன்னும் இஞ்சைதான் திரியிறாங்கள். நீங்கள் பின்னேரம் ரெயின் எடுத்து வீட்டை போயிடுவியள். விடிய நாங்கள்தான் கடை திறக்கவேணும்."

"அப்ப எங்கடை பிள்ளையள் எந்த நேரம் ரோட்டில நிக்கலாம் எண்டு அவங்களிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, அங்கிள்."

"கோவிக்காதை. கொஞ்ச நாள் பொறு."

"நோன், ஏலாது. பொறுத்தால் இன்னொருத்தன் விழுவான். அதையும் ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம்."

சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சிலர் வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார்கள். சலூனுக்குப் பக்கத்து நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பதாகை, தமிழிலும் பிரெஞ்சிலும்: 'அருள்நேசன் இங்கே சும்மாதான் நின்றான்.'

போகிற சனம் வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கத்துக்கு மாறியது. யோகநாதன் ஷட்டரைப் பாதிவரை இறக்கினார்.

பின்னேரம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் இருந்தவன் போனைத் தூக்கி ஒவ்வொரு முகமாக வீடியோ எடுத்தான். ஒரு பெண் சால்வையால் முகத்தை மூடினாள். பிரியதர்சினி எழுந்து போய் அந்தப் போனுக்கு நேரே நின்றாள்.

"வடிவா எடுங்கோ. பேரும் சொல்லுறன். பிரியதர்சினி. அருள்நேசன்ரை தங்கச்சி. வாற சனியும் இஞ்சைதான் இருப்பன்."

அவளுக்குப் பின்னால் லவன் எழுந்து தன் பெயரைச் சொன்னான். பிறகு இன்னொருத்தி. சால்வையை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணும் சொன்னாள். எதிர்ப்பக்கத் துணிக்கடையில் வேலை செய்யும் தயாளினி, கழுத்தில் அளவுநாடாவோடு தெருவைக் கடந்து வந்து அவர்களோடு இருந்தாள். ஸ்கூட்டர்காரன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். வண்டி உறுமிக்கொண்டு போனது.

அது மறைந்த பிறகு தயாளினி மெல்லச் சொன்னாள்: "அண்டைக்குச் சுட்டவன்ரை முகத்தை நான் கண்டனான். பொலிஸுக்கு என்னோடை வாறீரோ?"

"ஓம் அக்கா. இப்பவே போவம்."

அவளுடைய வாக்குமூலத்தால் சுட்டவன் பிடிபட்டான். அன்று அவனோடு ஸ்கூட்டர் ஓட்டியவன் அகப்படவில்லை. துணிக்கடைக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்தார்கள். தயாளினி மறுநாளும் வேலைக்கு வந்தாள். யோகநாதன் அவர்களோடு வந்து இருக்கவில்லை. ஆனால் அடுத்த சனி ஷட்டரை இறக்கவுமில்லை.

ஸ்கூட்டர்காரன் எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றி மரியகொறற்றியிடமும் வந்தது.

"உன்ரை முகத்தை ஊருக்கெல்லாம் காட்டிப்போட்டு நிக்கிறாய்," என்று மகளை ஏசினார். பிறகு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு மகளுக்கு முன்னமே வாசலில் நின்றார். தெருவில் பழைய முகங்கள் அவரைக் கண்டு திகைத்தன. அவர் பதாகைக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

சில கிழமைகள் கழித்து ஓர் ஆபிரிக்கப் பெண் அவர்கள் முன் வந்து நின்றார். தன் மகனின் படத்தை மட்டும் நீட்டினார். நகரின் வடக்குப் புறத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே அவன் சுடப்பட்டு இறந்திருந்தான். மரியகொறற்றி நகர்ந்து இடம் கொடுத்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், "என்ரை மகனையும் சுட்டுப்போட்டாங்கள்," என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போனபின் மகளைப் பார்த்து, "இவவின்ரை இடம் எங்கை எண்டு கேள். வாற சனி அங்கை போவம்," என்றார்.

"அங்கை இஞ்சையை விட மோசம், அன்ரி," என்றான் லவன்.

"தெரியும்," என்றார் மரியகொறற்றி. "எந்த ரெயின் எடுக்கவேணும் எண்டு பார்."