அத்தையின் கை

படத்தில் செத்தவளை நிஜத்திலும் சாகடிப்பார்கள் என்று மலர்விழி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சேந்தமங்கலத்தில் அவள் தம்பி கதிர்வேலின் மகளுக்கு அன்று பேர் வைக்கிறார்கள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தி, காதில் பேரைச் சொல்வது அத்தையின் உரிமை. ஒரே அத்தை இவள்தான். வெள்ளிக் கொலுசோடு வந்து, குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"நீ தொட வேண்டாஞ் சாமி," என்று குறுக்கே வந்தாள் கதிர்வேலின் மாமியார் மஞ்சுளா. "கைப்புள்ளையோட நீ தண்ணியில முழுகுனத ஊரே பாத்துருக்குது. நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்கறேன்?"

மலர்விழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

போன வருஷம் அவள் வேலை பார்க்கும் ஜவ்வரிசி ஆலையின் காலித் தொட்டியில் கப்பலின் அடித்தட்டு மாதிரி செட் போட்டார்கள். கப்பல் மூழ்கும் படம். சாகிற தாயாக நடிக்க இவளைக் கூப்பிட்டார்கள். பகலெல்லாம் கழுத்தளவு தண்ணீரில் நின்று காய்ச்சலில் விழுந்தாள். படத்தில் வந்ததென்னவோ அரை நிமிஷம். அந்தத் தாய் பிடித்துக்கொண்டிருக்கும் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு, கதாநாயகன் காதலியைக் காப்பாற்ற ஓடுவான். அதற்குத் தியேட்டரில் விசில் வேறு. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே தாய் மூழ்குவாள். பாவி மக்கள், அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை.

"ஏனுங்கம்மா, அது ரப்பர் பொம்மைங்க!"

"பொம்மையோ என்னமோ. சாவு சாவுதானே?"

மலர்விழி தம்பியைப் பார்த்தாள். அந்தக் கதாநாயகனின் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர் அவன். இப்போது தொட்டிலைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்துகொண்டான்.

"டேய் கதிர்வேலு, வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டிருக்கறியே, அது யாரு படம்டா? கயித்த அறுத்துட்டு ஓடுனவன்தான? அவன் உன்ற புள்ளைக்கி ஆசீர்வாதம் பண்ணலாம். சாவற வரைக்கும் புள்ளையக் கைய உட்டு உடாதவ நானு. என்ற கை ஆகாதா?"

பந்தலில் இருந்தவர்கள் வாசல் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சினிமாவப் போயி இப்படிப் பெருசாப் பேசறியே," என்று முனகினாள் மஞ்சுளா.

"நானுந்தானுங்க அதையே சொல்றேன்!"

குழந்தையின் தாய் நித்யஸ்ரீ எழுந்து வந்தாள். "அம்மா, நீ சும்மா இரு. அண்ணி, புடிங்க," என்று குழந்தையை மலர்விழியின் கையில் கொடுத்தாள். குழந்தை கொட்டாவி விட்டது.

மலர்விழி தொட்டில் பக்கம் போகவில்லை. "மொதல்ல வாசல்ல தொங்கறவன் எறங்கட்டும். அப்பறம் பேரு வெக்கலாம்," என்றாள்.

கதிர்வேல் வாசலுக்குப் போனான். பந்தக்காலில் ஃப்ளெக்ஸைக் கட்டிய கயிறு மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. நகம் நோக இழுத்துப் பார்த்துவிட்டு, அரிவாளைக் கொண்டுவரச் சொன்னான்.

"அறுக்காதடா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மலர்விழி. "நின்னு அவுரு. எத்தன நேரமானாலும் புள்ளைய நான் வெச்சிருக்கறேன்."