கிருத்திகைக்கு மறுநாள் நிரப்பிய தொட்டி

எங்கள் நைனாவிடம் ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் வராது. கடைக்குப் போகவில்லையா என்றால், வெயில் என்பார், வண்டியில் காற்று இல்லை என்பார், கடைக்காரர் ஊரில் இருக்கமாட்டார் என்பார், எப்படியும் நாளைக்குப் போகத்தானே வேண்டும் என்று முடிப்பார். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஒரே காரணத்தோடு நிறுத்துகிறவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஜெர்மனியிலிருந்து ஏன் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தபோது எங்களிடம் காரணங்களுக்குக் குறைவில்லை.

நைனாவுக்கு ஒரு சாயப்பட்டறையும் எட்டு விசைத்தறிகளும் இருக்கின்றன. அந்த வருடம் தறிகளில் பாதி அந்த ஒரு ஆர்டருக்காக ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு மேஜை விரிப்பு, ஓரத்தில் வெள்ளைக் கரை. அங்கே போய் முதல் முறை துவைத்ததும் சிவப்பு ஓடி வெள்ளையில் ஏறிவிட்டது. துணி வாங்கும் நிறுவனத்தில் மார்ட்டா என்ற அம்மாள்தான் எல்லாம் பார்ப்பவர். அவர் கோபப்படவில்லை. எதனால் இப்படி ஆனது என்று எழுதுங்கள், அதைப் படித்த பிறகு உங்களோடு தொடர்வதா என்று முடிவு செய்கிறோம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

திருப்பதியில் இருக்கும் ஏஜென்ட் சுரேஷ்பாபு எங்களைக் கூப்பிட்டார். எங்களுக்கும் மார்ட்டாவுக்கும் நடுவில் இருப்பவர் அவர்தான். நான் திருப்பதியில்தான் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். ஆங்கிலம் தெரியும் என்பதால் நைனா என்னையும் அழைத்துப் போனார். ஆங்கிலம் தெரியும், ஆனால் நாலு பேர் முன்னால் எந்த மொழியிலும் எனக்குப் பேச்சு வராது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

சுரேஷ்பாபு பதிலை எழுதியே வைத்திருந்தார். படித்துக் காட்டினார். மழை பெய்து நூல் சரியாகக் காயாததால், கரன்ட் அடிக்கடி போனதால், திருவிழாவுக்கு ஆட்கள் லீவு போட்டதால், சாயம் விற்பவர் வேறு கம்பெனிச் சாயம் கொடுத்ததால். பிகாஸ், சின்ஸ், ஆஸ், டியூ டு. ஒவ்வொரு காரணத்துக்கும் வேறு வேறு சொல் போட்டிருந்தார். கடைசியில், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி.

நைனாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் பேசுகிற மாதிரியே இருந்தது.

"சூடும்மா," என்றார் சுரேஷ்பாபு என்னிடம், பாரும்மா என்பதைத் தெலுங்கில். "ரீசன் எவ்ளோ எக்குவவோ அவ்ளோ நம்புவாங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும் கதா."

ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புகிறேன் அண்ணா என்று சொல்லி, அதை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

திரும்பி வரும் பஸ்ஸில் மறுபடி படித்தேன். ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. கல்லூரியில் ஆய்வுக் கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் நடந்ததை முதலில் சொல்லிவிடுவார்கள். காரணம் அதன் பின்னால் வரும். அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம், அதற்கும் பின்னால். ஒன்றை உருவினால் மேலே இருப்பது விழுந்துவிடும், அப்படி அடுக்குவார்கள். சுரேஷ்பாபுவின் காரணங்கள் அடுக்கப்படவில்லை. கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எதை எடுத்தாலும் எதுவும் விழாது.

ஆகவே எடுத்துப் பார்த்தேன். மழை இல்லாமலிருந்தால் சாயம் ஓடியிருக்காதா? ஓடியிருக்கும், அதே மழை நாட்களில் காயவைத்த பச்சை நிற நூல் நன்றாகத்தான் இருந்தது. கரன்ட்? சாயம் தோய்ப்பதற்கும் கரன்ட்டுக்கும் சம்பந்தமில்லை, எங்களுடையது விறகு அடுப்பு. ஆட்கள் லீவு போட்டதும் கிடையாது. சிவப்பு தோய்த்த அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சாயம் புதிதுதான். ஆனால் அதே சாயத்தில் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் தோய்த்த சிவப்பு நூல் வீட்டில் இருந்தது. போனதும் அதைத் துவைத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

ஓடிய சிவப்பு, கிருத்திகைக்கு மறுநாள் தோய்த்தது.

திருத்தணிக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் எங்கள் பட்டறையைத் தாண்டித்தான் போவார்கள். கிருத்திகை அன்று பட்டறைக்கு விடுமுறை. தொட்டியில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் நைனா அவர்களுக்குத் திறந்துவிடுவார். குடிப்பார்கள், காலில் ஊற்றிக்கொள்வார்கள், குழந்தைகள் தலையை நனைத்துக்கொள்ளும். தாத்தா காலத்திலிருந்து நடப்பது. முந்தைய வருடங்களில் இரவில் கிணறு ஊறிவிடும். அந்த வருடம் ஊறவில்லை. மறுநாள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, போர் தண்ணீரால் தொட்டியை நிரப்பினார்கள்.

மூன்று பாட்டில் எடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் ஒன்றில், போர் தண்ணீர் ஒன்றில், கடையில் வாங்கிய, உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர் ஒன்றில். குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன். போர் தண்ணீர் மட்டும் நுரைக்கவே இல்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ மிதந்தது. சுண்ணாம்பு உப்பு கலந்த அந்தத் தண்ணீரில் சாயம் நூலுக்குள் போகாது. மேலே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அம்மா எட்டிப் பார்த்து, படிச்ச படிப்புக்குச் சோப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இப்போது காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. சாயம் ஓடியது, ஏனென்றால் நூலுக்குள் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை, ஏனென்றால் தண்ணீர் உப்பு. உப்பு, ஏனென்றால் போரிலிருந்து நிரப்பினோம். நிரப்பினோம், ஏனென்றால் தொட்டி காலி. தொட்டி காலி, ஏனென்றால் நைனா காவடிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அடியில் நைனா நின்றார்.

சாயங்காலம் பாட்டில்களைக் காட்டி அவரிடம் சொன்னேன். கடைசிப் படிக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. போர் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

"சாமிக்குப் போறவங்களுக்குத் தண்ணி ஊத்தனதால துணி கெட்டுச்சின்னு வெளிநாட்டுக்கு எழுதப் போறியா? முருகன் மேல பழி போட்டுக்கினு நாம தறி ஓட்டணுமா?"

சுரேஷ்பாபு எழுதியதையே அனுப்பிவிடு என்று எழுந்துவிட்டார். வாசல்வரை போனார். வழக்கமாக அந்த இடத்தில் நான் உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை.

"பழி முருகன் மேல இல்ல நைனா. தண்ணி ஊத்தனது தப்பே இல்ல. வேற தண்ணிய நிரப்பிட்டு, அத பாக்காம நூல உட்டோமே, அது நம்ம தப்பு. அதான் முதல் வரி."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். எழுதினால் எப்படி வரும், தமிழில் சொல் என்றார். ஆங்கிலத்தில் வரும் வரிசையிலேயே சொன்னேன். தவறு எங்களுடையது. ஏனென்றால் புதிய தண்ணீரைச் சோதிக்காமல் சாயம் தோய்த்தோம். கிணற்றுத் தண்ணீர் தீர்ந்திருந்ததால் அந்தத் தண்ணீரை எடுத்தோம்.

அதோடு நிறுத்தினேன். அவர் மனம் நோகக்கூடாது என்று காவடியை விட்டுவிட்டேன்.

"கெணத்துத் தண்ணி ஏன் தீந்துச்சின்னு அந்த அம்மா கேக்கமாட்டாங்களா?"

கேட்கலாம் என்றேன்.

"அப்போ அதையும் எழுது. திருத்தணிக்கு நடக்கறவங்களுக்கு ஊத்தனோம்னு எழுது." நிறுத்தி, மறுபடி சொன்னார்: "வர ஆடிக்கும் ஊத்துவோம்னு எழுது. இல்லன்னா இதோட நிறுத்திட்டாங்கன்னு நெனச்சிக்குவாங்க."

எழுதினேன். காவடிக்குத் தனித் தொட்டி கட்டுகிறோம், எந்தத் தண்ணீர் வந்தாலும் சோதித்த பிறகே நூலை விடுவோம் என்றும் எழுதினேன். மூன்று பாட்டில்களின் படத்தைச் சேர்த்தேன். மொத்தமே பத்து வரி வரவில்லை.

சுரேஷ்பாபு படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். தப்பு எங்களுடையது என்று முதல் வரியிலேயே போட்டால், இரண்டாம் வரியை யார் படிப்பார்கள் என்று கேட்டார். அடுத்த வருடமும் ஊற்றுவோம் என்று யாராவது எழுதுவார்களா என்றும் கேட்டார். நைனா, என் பொண்ணு எழுதியது போகட்டும் என்று மட்டும் சொன்னார். எப்போதும் போல இன்னும் மூன்று காரணம் சேர்ப்பார் என்று பார்த்தேன். சேர்க்கவில்லை.

பதில் உடனே வரவில்லை. வராத நாட்களில் நைனா தினமும் பட்டறைக்குப் போய் மற்ற வேலைகளைப் பார்த்தார், தனித் தொட்டிக்குச் செங்கல் இறக்கினார். ஆர்டர் போனாலும் தொட்டி வேண்டும் என்றார். ஆர்டருக்கான தறிகள் சும்மா நின்றன. தெருவில் அந்தச் சத்தம் இல்லாதது எனக்கு நன்றாகவே கேட்டது.

பிறகு மார்ட்டா எழுதினார். அவர்களும் துணியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்களாம். நூலில் சுண்ணாம்பு உப்பு இருப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டிருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டாவது முறை ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, கெட்டுப்போனதற்குப் பதில் துணி நெய்து அனுப்புங்கள், அடுத்த ஆர்டரைப் பிறகு பேசலாம் என்று எழுதியிருந்தார். கடைசியில், அந்த நடைப்பயணத்தின் படம் இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

நைனா அந்தக் கடிதத்தை என்னைத் தமிழில் இரண்டு முறை சொல்ல வைத்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நானும் பால் வாங்கப் போயிருந்தேன். எதிர்வீட்டுத் தறிக்காரர் எத்திராஜ் மாமாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம தப்ப இங்கிலீஷ்ல எழுதிச்சி எங்க தேவசேனா. ஒரு வரி பொய்யி கெடையாது."

"தப்பு பண்ணதுக்கு இவ்ளோ பெருமையாடா உனக்கு?" என்றார் எத்திராஜ் மாமா.

"நீ பண்ணிட்டு எழுதிப் பாரு."

கடையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாலை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். காது சுட்டது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

அடுத்த ஆடியில் புதுத் தொட்டி தயாராக இருந்தது. எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கிருத்திகை அன்று நைனா குழாயடியில் நின்று தண்ணீர் ஊற்றினார். பிச்சாட்டூரிலிருந்து நடந்து வந்த காவடிக்காரர் ஒருவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, போன வருடம் ஒரு தொட்டிதானே இருந்தது, இன்னொன்று எதற்கு என்று கேட்டார்.

பக்கத்தில் சொம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான், நைனா ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிணறு, மழை, போர், சாயம்.

"எங்க பொண்ணு சொல்லிச்சி," என்றார். அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார்.