குப்பம் எடுத்த முடிவு

மாமல்லபுரத்து மீனவக் குப்பத்தில் இண்டர்மீடியட் தேறிய ஒரே ஆள் ஜம்புலிங்கம். அவனை ஒரு வார்த்தை கேட்காமலே, பி.எஸ்ஸி.யில் விலங்கியல்தான் என்று பஞ்சாயத்தில் முடிவு செய்துவிட்டார்கள். மீனைப் பற்றிப் படித்தால் குப்பத்துக்கு உதவுமாம்.

அப்பா இருசப்பன் விண்ணப்பத்தை நீட்டினார். "பஞ்சாயத்துல வாக்கு குட்த்துட்டேன்டா. எழுது."

ஜம்புலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மீனு எங்க கீதுன்னு தண்ணியப் பாத்தே சொல்றீங்க. அதுக்கு நான் எதுக்கு நைனா? கலங்கரை விளக்கு வெளிச்சம் அத்தினி தூரம் எப்புடி வருதுன்னு சின்ன வயசுலேந்து கேட்டுகினு கீறேன். ஒருத்தரும் சொல்லல."

காகிதம் கிழியும்படி அழுத்தி, பௌதிகம் என்று எழுதினான்.

"அது தெரிஞ்சி இன்னாடா ஆவப்போவுது?"

"அந்த வெளிச்சத்த நம்பித்தானே நீ இருட்டுல உசுரோட கரையேறுறே?"