ராவுக்கு மட்டும் 'அட்'

"காலைக்கு?"

"இன்."

"சாயங்காலத்துக்கு?"

"இன்."

"ராவுக்கு?"

செல்லசாமி பல்லைக் கடித்தான். "அட். ராவுக்கு மட்டும் இங்கிலீசுல வேற சொல்லாம். எவன் வச்ச சட்டமோ."

"நீங்க ராவேலைக்காரரு. ஒங்களுக்குன்னே தனியா வச்சிருப்பாங்க" என்றாள் நாகலெட்சுமி, கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்தபடி. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புருஷனைக் கேள்வி கேட்கப் பழகியிருந்தாள்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர் வேலை காலியாகியிருந்தது. தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த யாரும் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. இங்கிலீஷ் சரியாக இருந்தால் பார்க்கலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொன்னதாகக் கேள்வி. ஹட்டனில் எட்டாவதோடு படிப்பை விட்டு, தேயிலை ஆலையான ஸ்டோரில் இராத்திரி உருட்டு மெஷினான ரோலருக்கு இலை கொட்டிக்கொண்டிருந்தவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பஸ்ஸுக்கு 'ஆன்', காருக்கு 'இன்' என்று முணுமுணுத்துக்கொண்டே இலை கொட்டினான். இந்தப் பொடிச் சொற்களில் சறுக்கினால் சிரித்தே விரட்டுவார்கள்.

தொழிலாளி ஆபீசுக்குள் ஏறக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்று பெரிய கிளாக்கரிடம் சொல்ல வேண்டும். அவர் துரையிடம் ஆங்கிலத்தில் சொல்வார். வேலை கேட்டுப் போன செல்லசாமி ஜன்னலில் நின்று, துரையையே பார்த்து ஆங்கிலத்தில் பேசினான். இராத்திரி ஸ்டோரில் வேலை, காலையில் தூக்கம், ஹட்டனில் படிப்பு. 'அட்', 'இன்' எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன.

துரை பெரிய கிளாக்கர் சிவராசாவிடம் திரும்பினார். "இவன் என்ன சொல்கிறான்?"

சிவராசா அதே ஆங்கிலத்தைச் சொல் மாறாமல் ஒப்பித்தார். அப்போதுதான் துரையின் காதில் விழுந்தது.

"வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்."

சிவராசா ஜன்னலுக்கு வந்தார். "துரை சொல்லுறார்..."

"கேட்டுச்சுங்க. நான் பேசுனதுல தப்பு இருந்துச்சா?"

"ஒரு பிழையும் இல்லை."

"அப்புறம் நடுவுல நீங்க எதுக்குங்க?"

"இஞ்ச அதுதான் வழக்கம். காரணம் கேக்காதையும்."

வழக்கமாம். மனிதன் வாயைத் திறந்து பேசினாலும், இன்னொரு வாய் வழியாக வந்தால்தான் பேச்சாம். செல்லசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துரையின் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தான்.

"ஐ ஸ்போக் டு யூ."

துரை சிவராசாவைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?"

இந்த முறை சிவராசா வாயைத் திறக்கவில்லை.