நான் கேட்காமல் விட்ட மாத்திரை

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. அரை அங்குலக் கோடு. காசநோய்ப் பிரிவில் ஒருத்தியின் சிகிச்சை கார்டை நிரப்பும்போது, ‘கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா?’ என்ற கேள்விக்கு நேரே, ‘இல்லை’ என்பதற்கு அடையாளமாக அதைப் போட்டேன். கேட்டுவிட்டுப் போடவில்லை. மேலே ‘மணமாகாதவர், வயது 39’ என்று நானே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

முதல் வரைவில் நர்ஸை வேறு யாரோவாக்கி, அவளுக்குத் தலைவலி, வாசல்வரை கூட்டம் என்று சாக்குகளும் கொடுத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். அன்று கூட்டமே இல்லை. அந்த நர்ஸ் நான்தான். சொல்லியாகிவிட்டது, இனி கதையில் அவளை ‘நர்ஸ்’ என்றே எழுதுகிறேன். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் கை ஓடுகிறது.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள்

(மழை பெய்யவில்லை. சோகம் என்றதும் என் பேனா தானாக மழையைக் கூட்டிவந்துவிடுகிறது.)

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண் பரிசோதித்து, லென்ஸ் பொருத்திக் கொடுப்பவள். தனியாக ஓர் அறையில் குடியிருப்பவள். இரண்டு மாதம் விடாமல் இருமியவளை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்து, நர்ஸின் மேசைக்கு அனுப்பியது.

“ஆறு மாசம் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், பயந்துடாதீங்க. கண்ணீர்கூட அப்படித்தான் வரும்.”

“அப்ப லென்ஸ் போட்டா கறையாயிடும்,” என்றாள் அவள். “எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். மத்தவங்களுக்குத்தான் மாட்டி விடுறேன்.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. “சுகர், பிரஷர், வலிப்பு, எதுக்காச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“அதெல்லாம் இல்லை. ஆனா...”

அதற்குள் நர்ஸ் கார்டைத் திருப்பிவிட்டாள்.

(அந்த ‘ஆனா’ என் காதில் விழுந்ததா? சத்தியமாக ஞாபகமில்லை. பிறகு அவளே சொன்னது.)

3

கடை முதலாளி அவளைப் பின்னறைக்கு மாற்றினார், லென்ஸ் அறுக்கும் மிஷின் பக்கம்.

“ரெண்டு வாரம் மருந்து உள்ள போயிட்டா பரவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார்.”

“எனக்குத் தெரியும்மா. கஸ்டமருக்குத் தெரியாதே.”

தங்கை போனில் மட்டும் வந்தாள். “பிள்ளைங்களுக்குப் பரீட்சைக்கா. முடியட்டும், வர்றேன்.” பரீட்சை முடிந்தது, லீவும் முடிந்தது. கண்ணாடிக்காரி யாரோடும் பேசாத நாட்களில், மிஷினை நிறுத்தும்போது தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை கனைத்துப் பார்த்துக்கொள்வாள்.

வியாழக்கிழமைகளில் வருபவன் மட்டும் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடப் பழக்கம். முதல் இரண்டு வாரம் அவளே வரவேண்டாம் என்றாள். மூன்றாம் வாரம் கதவைத் தட்டினான்.

“டாக்டரே சரிங்கிறாரு, உனக்கென்ன?” என்றபடி, அவள் குடித்து வைத்த டம்ளரை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தான்.

(இவனை நான் நம்பவில்லை. கதையில் இப்படிப்பட்டவன் ஓடித்தானே போவான்! இரண்டு பக்கம் ஓடவிட்டும் பார்த்தேன். ஒட்டவில்லை. டம்ளர் அவனைக் காப்பாற்றிவிட்டது.)

மூன்றாம் மாதக் கடைசியில் கம்பெனி அவனை ஒரு வருட வேலைக்குக் கடல் தாண்டி அனுப்பியது.

4

நாள் தள்ளிப்போனது. காசநோய் மருந்தின் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள்.

கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். ஒரு குழிகூடத் தவறவில்லை. அவள் எதையும் தவறவிடுகிறவள் இல்லை. மறுநாள் கடைப் பின்னறையில், அந்த மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்திருந்த காகிதத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தாள். எறும்பு மாதிரி எழுத்து. அதில் ‘ரிஃபாம்பிசின்’ என்று ஒரு சொல். தினமும் காலையில் அவள் விழுங்குகிற அதே பெயர்.*

* ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். கல்லீரல் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை அவசர அவசரமாகச் சிதைத்துத் தள்ளிவிடும். சிகிச்சை முடிந்தும் சில வாரங்களுக்கு இது நீடிக்கும். அதுவரை காப்பர்-டி மாதிரி வேறு வழி வேண்டும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். தாலி போட்டிருந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

5

“சிஸ்டர், ஒருநாள்கூட விடலை.”

“தெரியும்மா, கார்டுலதான் இருக்கே.”

“அது இல்லை. இது.” மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

நர்ஸுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. “நீங்க இதைச் சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

“கல்யாணம் ஆகலைன்னு இருந்துச்சு, அதான்...”

“அதனால?”

கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நர்ஸ் கார்டைத் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

“டிபி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க,” என்றாள் கடைசியில். “குழந்தைக்குப் பொதுவா அதால ஆபத்தில்லை. வச்சுக்கிறதோ வேண்டாங்கிறதோ, எதுவா இருந்தாலும் டாக்டர் பேசுவாரு. நானும் கூட வர்றேன். குழந்தையோட அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“முதல்ல எனக்கே நான் சொல்லிக்கணும் சிஸ்டர்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டையில் லேசாக ஆரஞ்சு. டாக்டரைத் தனியாகவே பார்த்துவிட்டு வந்து, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றுக் கடிதம் கேட்டாள். நர்ஸ் எழுதிக் கொடுத்தாள்.

6

முடிவுகள்:

மெக்கானிக் அடுத்த விமானத்திலேயே

தங்கை வாசலில் பையோடு நின்று, “அக்கா, மன்னிச்சிடு

நர்ஸ் தேடிப்போய் அவள் கையைப் பிடித்து

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் யாரோ வந்து என் மனதைத்தான் ஆற்றுகிறார்கள். அவளிடம் யாரும் வந்ததாக எனக்குத் தெரியாது.

எனக்கு வந்தது ஒரு காகிதம் மட்டுமே. சிகிச்சை முடிந்ததும் அந்த ஆஸ்பத்திரி அனுப்பும் வழக்கமான பதில். ‘மருந்து முழுதாக எடுத்தார். குணம்.’ கீழே எடை. இங்கிருந்து போனபோது நாற்பத்தாறு கிலோ; அங்கே ஐம்பத்து மூன்று. காசநோய் தீர்ந்தால் உடம்பு தேறும், அது இயல்பு. வயிற்றில் பிள்ளை இருந்தாலும் ஏறும். இது எது என்று காகிதத்தில் இல்லை.

கடிதத்தின் தலையில் போன் நம்பர் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. கேட்கவேண்டிய நாளில் கேட்காதவள் இன்று கேட்பது வெறும் வம்பு. அந்த ஏழு கிலோவை உங்களிடம் தருகிறேன். அவளுக்கு எது நல்லது என்று யோசிக்காமல், அவள் எதை விரும்பியிருப்பாள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.