யார் கழுத்தில் கட்டி

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசிச் சம்பளம் வாங்குகிற ஒருத்தியை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, "குரல் விஷயமெல்லாம் டாக்டரம்மா விளக்கமாச் சொல்லியிருப்பாங்களே?" என்று சாவகாசமாகக் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? கேட்டவர் மயக்க மருந்து டாக்டர். நல்ல மனுஷர்தான். பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், அதே மூச்சில் இதையும் கேட்டுவிட்டார்.

"எந்தக் குரல் விஷயம்?" என்றாள் மைக்கக்கா.

நிலையத்தில் டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் அவள் மைக்கக்காதான். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், தொலைந்துபோன குழந்தை என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறது, எல்லாம் அவள் சொல்லித்தான் கூட்டத்துக்குத் தெரியும். இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் மட்டும் தனியாக, கணீரென்று எழுந்து நிற்கும். அந்தக் குரலுக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அது இல்லையென்றால் அந்தக் கண்ணாடி அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது.

மயக்க டாக்டர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "தைராய்டு ஆபரேஷன்ல குரல் மாறலாம், ரொம்ப அபூர்வமா நிரந்தரமாவே கம்மிப் போகலாம். சம்மதப் படிவத்துல போட்டிருக்கே. நீங்க கையெழுத்து... ஓ."

அந்த 'ஓ'வை மைக்கக்கா விடவில்லை. கையில் ஊசிக்குழாய் குத்தியிருந்தது, தலையில் நெகிழித் தொப்பி. அதோடேயே தள்ளுபடுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "பேப்பரைக் காட்டுங்க."

"படுங்கம்மா, படுங்க. ஃபைலெல்லாம் பேஷண்ட் கையில குடுக்க மாட்டோம்," என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"என் கழுத்த மட்டும் உங்க கையில குடுக்கணுமா? காட்டுங்க சிஸ்டர்."

மயக்க டாக்டரே காட்டினார். 'நோயின் தன்மை, சிகிச்சையின் பயன், அதன் ஆபத்துகள், மாற்று வழிகள் அனைத்தும் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டன' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே நோயாளியின் கையொப்பம் என்ற இடத்தில், அவள் வீட்டுக்காரரின் கையெழுத்து. குழந்தை வரைந்த ரயில் மாதிரி நீளமாக ஓடி, கடைசியில் ஒரு சுழி. ரேஷன் அட்டையிலிருந்து பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைவரை அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து.

அவளுக்கு வந்ததே ஒரு கோபம்!

போன வாரம் நடந்தது முழுவதும் கண்முன் வந்தது. சர்ஜன் டாக்டரம்மாவின் அறை வாசலில் வீட்டுக்காரர், பெரியண்ணன், அவள், மூன்று பேரும் நின்றிருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும், "நீ போய் ரத்தம் குடுத்துட்டு வந்துடு, கூட்டம் சேர்ந்துடும். நாங்க உள்ள பேசிக்கறோம்," என்று பெரியண்ணன் அவளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். கழுத்துக் கட்டியைச் சுமந்துகொண்டு வந்தவள் வெளியே, துணைக்கு வந்த இருவர் உள்ளே. அவள் கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சப்பை மேட்டர்! ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்," என்று அண்ணன் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார், தன் டீயை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டார். என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயமாக இருந்தது, அதனால் அண்ணனின் சிரிப்பை அப்படியே நம்பிக்கொண்டாள். இப்போது அதை நினைக்க அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நான் உள்ள வரல," என்றாள். "டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க."

"தியேட்டர் ரெடி. உங்களுக்கு அடுத்து இன்னும் ஆளுங்க இருக்காங்க. இப்பப் போய் இப்படிச் சொன்னா எப்படிம்மா? வீட்டுக்காரர்தானே போட்டிருக்காரு, வேத்து மனுஷனா?"

"வேத்து மனுஷன் போட்டிருந்தா போலீசுக்குப் போயிருப்பேன் சிஸ்டர். வீட்டுக்காரரா போயிட்டாரு, அதான் வயிறு எரியுது."

சர்ஜன் டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து உட்காராதவர் என்பது நடையிலேயே தெரிந்தது. "என்ன பிரச்சனை? எல்லாம் அன்னைக்கே விவரமாச் சொன்னேனே. படம் போட்டுக்கூடக் காட்டினேன்."

"யாருக்குக் காட்டினீங்க?"

"உங்க வீட்டுக்காரருக்கு. உங்க அண்ணாவும் இருந்தாரு."

"கட்டி அவங்க கழுத்துலயா இருக்கு டாக்டர்?"

டாக்டரம்மா மயக்க டாக்டர் பக்கம் கையை நீட்டினார். பிறகு கோப்பை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "வார்டுல யாரு வாங்கினது இது? பேஷண்ட் இடத்துல புருஷன் கையெழுத்து! வயசு வந்தவங்க, சுயநினைவோட இருக்காங்க, அவங்கதான் போடணும்னு சட்டமே இருக்கு. எத்தனை தடவை சொல்றது?"

"எப்பவும் இப்படித்தானே டாக்டர் வாங்குறோம்? பொம்பளைங்க கிட்ட நீட்டினா அவங்களே 'அவரக் கேளுங்க'ன்னுடறாங்க," என்றாள் நர்ஸ், கண் கலங்க.

"சரி, நான் மட்டும் என்னவாம். அவங்கள உள்ள கூப்பிடாம நானும்தான் பேசி அனுப்பிட்டேன்," என்று டாக்டரம்மா முனகினார். பிறகு மயக்க டாக்டரிடம் திரும்பி, "தூக்கத்துக்கு ஊசி ஏதும் போடலையே? நல்லதாப் போச்சு. போட்டிருந்தா இப்பப் பேசிப் பிரயோஜனமே இல்ல," என்று சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்த பேஷண்ட முதல்ல எடுங்க. இவங்க வீட்டாளுங்களக் கூப்பிடுங்க."

பெரியண்ணன் வந்தார் பாருங்கள், வரும்போதே எகிறிக்கொண்டு. "என்ன கூத்து இது? நாள் பார்த்து, லீவு போட்டு, எல்லாரும் வந்து உக்காந்திருக்கோம். நீ இங்க பஞ்சாயத்து வச்சிருக்க!" பின்னாலேயே வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வண்டிக்குள் முப்பது பிள்ளைகள் கத்தினாலும் பேசாமல் ஓட்டுகிற மனுஷர், இங்கேயும் பேசாமல் கதவோரம் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"குரல் போகலாம்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" மைக்கக்கா இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

"தெரியும். அதுக்கென்ன இப்ப?" என்றார் அண்ணன். "சொன்னா நீ பயந்து சாவ. ஆபரேஷனே வேணாம்னுட்டு மைக்கக் கட்டிக்கிட்டு உக்காருவ. கட்டி எப்படிப்பட்டதுன்னு யாருக்குத் தெரியும்? உன் நல்லதுக்குத்தான் பண்ணோம்."

"என் நல்லது என்னன்னு எனக்குத் தெரியக்கூடாதா அண்ணா? தினமும் ஆயிரம் பேருக்கு வண்டி எங்க போகுதுன்னு நான் சொல்றேன். என்னைய மட்டும் எங்கன்னே சொல்லாம ஏத்தி விடுவீங்களா?"

"பாத்தீங்களா டாக்டர், இதுக்குத்தான் சொல்லல. இவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. மாப்ள, நீங்களாச்சு உங்க பொண்டாட்டியாச்சு!" அண்ணன் விருட்டென்று வெளியே போய்விட்டார். போனவர் கதவைச் சாத்தக்கூட இல்லை, நர்ஸ்தான் போய்ச் சாத்தினாள்.

டாக்டரம்மா அந்தப் படிவத்தின் பின்பக்கம் ஒரு படம் போட்டார். இந்தச் சுரப்பி, இதன் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு, அதுதான் குரல்வளையை ஆட்டுவிக்கிறது. சுரப்பியை எடுக்கும்போது நரம்பு வீங்கலாம், அப்படியானால் சில மாதம் கரகரப்பு இருக்கும், பிறகு தேறிவிடும். அபூர்வமாக நரம்பே கெட்டுப்போகலாம். ஒரு பக்கம் மட்டும் எடுப்பதுதான் இப்போதைய திட்டம், அதனால் ஆபத்து குறைவு. ஊசிப் பரிசோதனையில் கட்டி நல்லதா கெட்டதா என்று தெளிவாகத் தெரியவில்லை. எடுக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம், ஆனால் கெட்டதாக இருந்தால் அந்த நாட்கள் வீண்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நான் மைக்குல பேசுவேனா?"

"பெரும்பாலும் பேசுவீங்க. கத்திச் சொல்றது, உச்சத்துக்குப் போறது கொஞ்சம் கஷ்டமாகலாம். கட்டாயம் பேசுவீங்கன்னு சத்தியம் பண்ண என்னால முடியாதும்மா. நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு அன்னைக்கு நான் கேட்கல, அது என் தப்பு. பாட்டுக்காரங்க, டீச்சருங்க வந்தா இன்னும் நிதானமாப் பேசுவோம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வரணும்னாலும் சரி, வேணவே வேணாம்னாலும் சரி."

நர்ஸ் புதிய படிவம் ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். டாக்டரம்மா எழுந்து சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இதற்காகத்தானே இத்தனை கத்தலும்? வேண்டியது கைக்கு வந்துவிட்டது. ஆனால் பேனாவைப் பிடித்த கை நகர மறுத்தது. இத்தனை நேரம் இருந்த கோபம் போய், பயம் வந்துவிட்டது. இவர்கள் போட்ட கையெழுத்தோடு உள்ளே போய்க் குரலை இழந்திருந்தால், காலம் முழுக்க இவர்களைத் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். தானே போட்டால் யாரைத் திட்டுவது? என்ன கண்றாவி இது என்று அவளுக்கு அழுகை முட்டியது. பழக்கதோஷம், தலை தானாக வீட்டுக்காரர் பக்கம் திரும்பிவிட்டது.

"என்னங்க, போடட்டுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "உன் இஷ்டம்."

அவ்வளவுதான், மறுபடியும் பற்றிக்கொண்டது. "இஷ்டமா? கேட்காத அன்னைக்கு என் பேருக்கு நேரா நீட்டமாப் போட்டீங்க. கேக்குற இன்னைக்கு இஷ்டம்ங்கறீங்க! என்ன மனுஷங்க நீங்க?"

"நான் போடுன்னு சொல்லி, உனக்குக் குரல் போச்சுன்னா?" அவர் மென்று விழுங்கினார். "வேணாம்னு சொல்லி, உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அன்னைக்கு டாக்டரம்மா சொன்னதக் கேட்டதுலருந்து ஒரு ராத்திரிகூட நான் தூங்கல. நீ அசந்து தூங்குற, நான் பக்கத்துல முழிச்சுட்டுக் கெடக்கேன். உங்க அண்ணன் சிரிச்ச மாதிரி என்னால சிரிக்க முடியல."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சிருக்கலாமே!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். மைக்கக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரக்கமும் வந்தது, அறையலாம் போலவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு படிவத்தை அவரிடம் நீட்டினாள்.

"படிங்க."

"நீயே படியேன்..."

"நான் படிப்பேன். அன்னைக்கு ரூமுக்குள்ள உங்களுக்குச் சொன்னத நீங்க எனக்கு வந்து சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லுங்க. ஒண்ணு விடாமப் படிங்க."

அவர் படித்தார். வேன் டிரைவருக்கு உரக்கப் படித்துப் பழக்கம் இல்லை. ஆபரேஷனின் பெயரில் தடுக்கினார். ரத்தக் கசிவு, தொற்று, சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" கொட்டினாள். புரியாததை நிறுத்தி டாக்டரம்மாவிடம் கேட்டாள், அவரும் சலிக்காமல் சொன்னார். அடுத்த வரிக்கு வந்ததும் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். "குரல் நரம்பு பாதிப்பு. அதனால்..." என்றார். உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. மறுபடியும் "அதனால்..." என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

மைக்கக்கா எட்டி அவர் கையிலிருந்த தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "அதனால் நிரந்தரமாகக் குரல் இழப்பு ஏற்படக்கூடும் என்பதை அறிந்து, என் முழு மனதோடு சம்மதிக்கிறேன்," என்று படித்தாள். சுவர்களில் பட்டுத் திரும்பும்படி, ஒரு சொல் பிசகாமல், கணீரென்று படித்தாள். தாழ்வாரத்தில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

பிறகு பேனாவை எடுத்துத் தன் பெயரை முழுசாக எழுதினாள்.